ஊதா நிறத் தட்டில் ‘மேட் இன் ஜப்பான்’: வாங்கலாமா?

கேள்வி இதுதான். பிரிட்டிஷ் ராக் குழுவான டீப் பர்ப்பிளின் நேரடிக் கச்சேரி ஆல்பம் ‘மேட் இன் ஜப்பான்’ ஊதா நிற வினைலில், அதாவது பிளாஸ்டிக் இசைத்தட்டில், இரட்டைத் தட்டாகக் கிடைக்கிறது. கேட்டவரிடம் தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள் இருக்கிறது. இந்த ஆல்பத்தை இதுவரை சிடியில்தான் கேட்டிருக்கிறார். வண்ணத் தட்டு அழகுக்குத்தான், ஒலிக்கு ஆகாது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்களாம். வாங்கலாமா, அல்லது 1970களின் கறுப்புத் தட்டைத் தேடிப் போகலாமா?

வாங்கலாம். நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியவை வேறு சில இருக்கின்றன. அவற்றைக் காட்டிக்கொடுப்பதற்கு இந்த ஆல்பத்தைப் போல வசதியானது வேறு இல்லை. எந்தப் பக்கத்தில் எந்த இடத்தைக் கேட்டால் அச்சு நன்றாக வந்திருக்கிறதா என்று தெரியும் என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் நிறத்தின் கதையை முடித்துவிடலாம்.

இசைத்தட்டு செய்யும் பிவிசி பிளாஸ்டிக்குக்கு இயல்பில் பெரிதாக நிறம் கிடையாது. கறுப்பு என்பதும் சேர்க்கப்பட்ட நிறம்தான். மிகக் கொஞ்சமாகக் கார்பன் கரித்தூள் கலக்கிறார்கள். கரித்தூள் மலிவு, பிளாஸ்டிக்குக்கு உறுதி தருகிறது, வெளிச்சத்தால் கெடுவதைத் தள்ளிப்போடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கலவையில் இருக்கும் சின்னச் சின்ன அழுக்கையும் பழைய தட்டை அரைத்துச் சேர்த்ததையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. தட்டில் நிலைமின்சாரம் ஏறாமல் கரித்தூள் பார்த்துக்கொள்கிறது என்று பலர் சொல்வார்கள். அந்த அளவுக்கெல்லாம் இல்லை. கறுப்புத் தட்டை உறையிலிருந்து உருவும்போது கை மயிர் எழுந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வண்ணத் தட்டு இன்றைய மோகமும் அல்ல. 1949-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ விக்டர் நிறுவனம் நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் தட்டை அறிமுகப்படுத்தியபோது இசை வகைக்கு ஒரு நிறம் வைத்தது: செவ்வியல் இசைக்குச் சிவப்பு, கன்ட்ரிக்குப் பச்சை, குழந்தைகளுக்கு மஞ்சள். சில ஆண்டுகளில் செலவு கட்டுப்படியாகாமல் பெரும்பாலும் கறுப்புக்கே திரும்பிவிட்டார்கள். இதைவிட நமக்கு வேண்டிய உதாரணம் ஜப்பானிலேயே இருக்கிறது. தோஷிபா நிறுவனம் 1950களின் கடைசியிலிருந்து 1970களின் முற்பகுதி வரை ‘எவர்கிளீன்’ என்ற பெயரில் ஒளி ஊடுருவும் சிவப்புத் தட்டுகளை அச்சிட்டது. தூசியை இழுக்காத கலவை என்று அதை விளம்பரம் செய்தார்கள். பீட்டில்ஸின் ஜப்பானியத் தட்டுகள் பல அந்தச் சிவப்பில் வந்தவை. சேகரிப்பாளர்கள் இன்றும் அதிக விலை கொடுத்து அவற்றை வாங்குகிறார்கள். அழகுக்காக மட்டும் இல்லை. நன்றாக வைத்திருந்த பிரதியில் இரைச்சல் மிகக் குறைவு. நிறமே ஒலியைக் கெடுக்கும் என்றால் இது நடக்கக் கூடாது.

இருந்தாலும் நண்பர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. வண்ணத் தட்டு என்ற ஒரே பெயரில் பல வகைகள் புழங்குகின்றன. முழுவதும் ஒரே நிறத்தில் இருக்கும் தட்டு, உங்கள் ஊதாவைப் போன்றது, கறுப்புக்குக் கிட்டத்தட்ட சமம். பல நிறத் துகள்களைத் தெளித்து அச்சிடும் ‘ஸ்ப்ளாட்டர்’ வகையில் வெவ்வேறு கலவைகள் ஒரே மாதிரி உருகிப் பரவ வேண்டும். அது எப்போதும் நடப்பதில்லை. இருட்டில் ஒளிரும் தட்டில் சேர்க்கும் பொருளே சொரசொரப்பானது, பின்னணியில் ‘ஸ்ஸ்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். படம் பதித்த தட்டுதான் எல்லாவற்றிலும் மோசம். அதில் படத்தின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டி, அந்தப் படலத்தில்தான் பள்ளம் அழுத்துகிறார்கள். வண்ணத் தட்டின் கெட்ட பெயரில் பெரும்பகுதி இந்தப் படத் தட்டு சம்பாதித்துக் கொடுத்தது. அதைச் சுவரில் மாட்டலாம், ஊசியைக் கொண்டுபோக வேண்டாம்.

தட்டு அச்சாகும் விதம் தெரிந்தால் மீதியும் புரியும். இசையை முதலில் லாக்கர் என்ற மெருகு பூசிய வட்டில் ஒரே நீளப் பள்ளமாக வெட்டுகிறார்கள். அதிலிருந்து உலோக அச்சு எடுக்கிறார்கள். சூடாகக் குழைந்த பிவிசி உருண்டையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து, சப்பாத்தி அழுத்துகிற கருவி போல ஒரே அழுத்து, அப்புறம் குளிர்ந்த நீரை ஓட்டி ஆறவிட்டு எடுப்பது. ஒரு தட்டுக்கு அரை நிமிடம் சொச்சம்தான். அவசரத்தில் சீக்கிரம் எடுத்தால் தட்டு நெளியும். பிவிசி பள்ளத்தின் அடிவரை போய்ச் சேராவிட்டால், துணி கிழிவது போன்ற சத்தம் ஒரு பக்கத்து ஸ்பீக்கரில் மட்டும் வரும். நடு ஓட்டை மையத்திலிருந்து விலகினால் ஆர்கனின் நீண்ட சுரம் ஏறி இறங்கித் தள்ளாடும். இவை மூன்றும் கறுப்பிலும் வரும், ஊதாவிலும் வரும். ஒரே வித்தியாசம்: ஒவ்வொரு கலவையும் உருகிப் பரவும் விதம் கொஞ்சம் வேறு. அதற்கேற்ப இயந்திரத்தைத் திருத்திக்கொள்ளாத ஆலையில் வண்ணத் தட்டு அடிவாங்கும். செக் நாட்டின் ஜிஇசட் மீடியா, ஜெர்மனியின் ஆப்டிமல், பல்லாஸ் போன்ற ஆலைகள் வண்ணத் தட்டைத் தினப்படி வேலையாகச் செய்கின்றன. 180 கிராம் எடை என்று உறையில் ஒட்டியிருப்பதைப் பற்றிப் பெரிதாக நினைக்க வேண்டாம். கனத்தால் பள்ளம் ஆழமாகிவிடாது.

சரி, ஆல்பத்துக்கு வருவோம்.

1972 ஆகஸ்டில் டீப் பர்ப்பிள் முதல்முறையாக ஜப்பான் போனது. 15, 16 தேதிகளில் ஒசாகா, 17-ஆம் தேதி டோக்கியோவின் புடோகான் அரங்கம். நேரடிப் பதிவு வேண்டும் என்று கேட்டது ஜப்பானில் அவர்கள் தட்டுகளை வெளியிட்டுவந்த வார்னர் நிறுவனம். ஜப்பானில் மட்டும் விற்பதற்கு என்றுதான் ஏற்பாடு. குழுவுக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை. ஆனாலும் பதிவு தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று தங்கள் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பிர்ச்சை அழைத்துக்கொண்டு போனார்கள். ஒலியை எட்டுத் தனித் தடங்களில் பதியும் எட்டு டிராக் இயந்திரம், மொத்தச் செலவு சுமார் 3,000 டாலர் என்று ஆர்கன் வாசித்த ஜான் லார்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பி, தனித்தனித் தடங்களைக் கலந்து ஒன்றாக்கும் மிக்ஸ் வேலைக்கு உட்கார்ந்தபோது அக்கறையாக வந்தவர்கள் பேஸ் வாசித்த ரோஜர் குளோவரும் டிரம்ஸ் வாசித்த இயன் பெய்ஸும்தான். ஸ்டுடியோவில் மறுபடி பாடியோ வாசித்தோ ஒட்டுப்போடவில்லை. அந்தக் காலத்து நேரடி ஆல்பங்களில் இது அபூர்வம். ‘லைவ்’ என்று விற்றவற்றில் பாதி ஸ்டுடியோவில் கழுவித் துடைக்கப்பட்டவை.

கேட்டு முடித்த பிறகுதான் இதை எல்லா நாட்டிலும் வெளியிடலாம் என்று முடிவானது. பிரிட்டனில் 1972 டிசம்பரில் வந்தது, அமெரிக்காவில் 1973-இல். ஜப்பானில் ‘லைவ் இன் ஜப்பான்’ என்ற பெயரும் வேறு அட்டையும் இருந்தன. உங்கள் பிரதியில் இருக்கும் பொன்னிற அட்டையில் மேடைப் படம் இருக்கிறதே, அது ஜப்பானில் எடுத்தது அல்ல, லண்டனில் எடுத்தது. இன்னொன்று: புடோகான் என்ற பெயரின் மகிமையால் பலரும் இதை புடோகான் ஆல்பம் என்றே நினைக்கிறார்கள். இருக்கும் ஏழு பாடல்களில் ‘தி மியூல்’, ‘லேஸி’ இரண்டு மட்டும் அங்கே பதிவானவை. ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ ஒசாகாவின் முதல் இரவு. மற்ற நான்கும் ஒசாகாவின் இரண்டாம் இரவு. அந்த 16-ஆம் தேதிதான் இந்த ஆல்பத்தின் முதுகெலும்பு என்று தைரியமாகச் சொல்லலாம்.

இந்த ஏழு பாடல்கள் நான்கு பக்கங்களில் உட்கார்ந்திருக்கும் விதம்தான் எனக்கு இந்தத் தட்டில் பிடித்த விஷயம். மொத்தம் சுமார் 76 நிமிடம், பக்கத்துக்கு 17 முதல் 20 நிமிடம். எல்.பி. எனும் நீண்ட நேரத் தட்டின் ஒரு பக்கத்தில் சத்தமான இசையை இடுக்கிப்பிடிக்காமல் வெட்ட இது சரியான அளவு. நேரம் கூடினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், அதற்காக ஒலியளவையும் பேஸ் எனும் கனத்த அடி ஒலியையும் குறைக்க வேண்டும். இங்கே அந்தச் சமரசத்துக்கு அவசியமே இல்லை. ஆக மறுபதிப்பு மெலிந்து ஒலித்தால் இடப் பற்றாக்குறையைச் சாக்கு சொல்ல முடியாது. வெட்டியவர் சரியாக வெட்டவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் வினைலின் பிறவிக் குறை ஒன்றும் இங்கே விளையாடுகிறது. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், விளிம்பில் ஊசிக்குக் கீழே நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, நடு லேபிளுக்கு அருகில் 20 செ.மீ.க்குச் சற்று அதிகம். அதே இசையை அங்கே பாதிக்கும் குறைவான இடத்தில் திணிக்க வேண்டும். உச்சஸ்தாயியும் சத்தமும் அங்கே வந்து விழுந்தால் ஊசி திணறிக் கரகரக்கும். செவ்வியல் இசைத் தட்டுக்காரர்கள் இதைப் பற்றி நூறு வருடமாகப் புலம்புகிறார்கள், ஏனென்றால் சிம்பொனிகள் பெரும்பாலும் சத்தமாகத்தான் முடியும். ‘மேட் இன் ஜப்பான்’ முதல் பக்கமும் அப்படித்தான் முடிகிறது.

முதல் பக்கத்தில் ‘ஹைவே ஸ்டார்’ விளிம்பில் தொடங்குகிறது. சுருதி சேர்ப்பது, பெய்ஸின் ஸ்னேர் டிரம், அப்புறம் மொத்தக் குழுவும். தட்டு தரக்கூடிய மிகச் சிறந்த ஒலி இந்த ஏழு நிமிடத்தில் கிடைக்கும், எனவே இதை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். அடுத்தது ‘சைல்ட் இன் டைம்’. லார்டின் ஆர்கன் மிக மெல்லத் தொடங்கும் இடம், அரங்கமே அடங்கியிருக்கும். தட்டின் மேற்பரப்பு இரைச்சல் எவ்வளவு என்று பார்க்க இந்த ஆல்பத்தில் இதைவிட நல்ல இடம் இல்லை. கூட்டத்தின் கைதட்டல் மற்ற இடங்களில் சின்னக் கீறல் சத்தங்களை விழுங்கிவிடும், நேரடி ஆல்பத்துக்கு அது ஒரு சலுகை. இங்கே அந்தச் சலுகை இல்லை. ஊதாத் தட்டில் இந்த இரண்டு நிமிடம் அமைதியாக ஓடினால் நிறத்தைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். பாடல் பன்னிரண்டு நிமிடம் ஏறிக்கொண்டே போய், பாடகர் இயன் கில்லனின் அலறலோடு லேபிளை ஒட்டி முடிகிறது. அந்த அலறல் அலறலாகவே கேட்டால் வெட்டு, அச்சு, உங்கள் ஊசி மூன்றும் சரி. தகரத்தைத் தேய்ப்பது போலக் கேட்டால் மூன்றில் ஒன்று தவறு.

இரண்டாம் பக்கத்தில் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ முடியும் இடத்தில் ரிச்சி பிளாக்மோரின் கிடாரும் ஆர்கனும் மாறி மாறிச் சீண்டிக்கொள்ளும். அசல் மிக்ஸில் ஆர்கன் இடப்பக்கம், கிடார் வலப்பக்கம். தலைகீழாகக் கேட்டால் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் வயரை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வருடக்கணக்கில் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் வழியாக உறுமவிட்டவர் என்பதால் இரண்டு வாத்தியமும் ஒன்றையொன்று போலவே ஒலிக்கும். பக்கம் பிரித்து வைத்திருப்பதால்தான் யார் வாசிக்கிறார் என்று புரிகிறது. மலிவான அச்சில் இந்தப் பிரிவு மங்கி, நடுவில் ஒரே கூழாகிவிடும். ‘தி மியூல்’ டிரம் தனி ஆவர்த்தனம். அடிக்கும் அடிக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தைக் கேளுங்கள்.

மூன்றாம் பக்கத்தைச் சோதனைக்காகக் கேட்க வேண்டியதில்லை, சந்தோஷத்துக்காகக் கேட்கலாம். ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்’ நடுவே கில்லனின் குரலும் பிளாக்மோரின் கிடாரும் கேள்வி பதில் நடத்தும், நம் கச்சேரியில் பாட்டும் வயலினும் துரத்திக்கொள்வது நினைவுக்கு வரும். நான்காம் பக்கம் முழுவதும் ‘ஸ்பேஸ் டிரக்கின்’ ஒன்றே, இருபது நிமிடம். ஸ்டுடியோவில் அது ஐந்து நிமிடம்கூட இல்லாத பாடல். அதன் கடைசி நிமிடங்களின் களேபரமும் உட்பக்கத்தில்தான் விழுகிறது. ஆனால் அங்கே அசலிலேயே எது இசை, எது இரைச்சல் என்று பிரிப்பது கடினம், அதனால் ஊசியின்மேல் பழிபோடாதீர்கள். எல்லாவற்றையும் மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாக வை என்று மேடையில் கேட்ட குழு இது. அந்த வாசகம் இந்தத் தட்டிலேயே பதிவாகி, பிறகு மோட்டார்ஹெட் என்ற ராக் குழு சற்றே மாற்றித் தன் நேரடி ஆல்பம் ஒன்றுக்குப் பெயராக எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் புகழ் பெற்றது.

இனி நிறத்தைவிடப் பெரிய கேள்வி: உங்கள் தட்டில் எந்த மிக்ஸ் இருக்கிறது? 1993-இல் மூன்று இரவுகளின் பெரும்பகுதி மூன்று சிடிகளாக வந்தது. 1998-இல் ரீமாஸ்டர் ஆகி, ‘பிளாக் நைட்’, ‘ஸ்பீட் கிங்’, ‘லூசில்’ என்று கூடுதல் பாடல்களுடன் வந்தது. 2014-இல் பெரிய பெட்டிப் பதிப்பு. 2025-இல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் எட்டு டிராக்கையும் எடுத்துப் புதிதாக மிக்ஸ் செய்த பதிப்பு. ஆக ஒரே பெயரில் ஒரே ஒலி இல்லை. ரீமாஸ்டர் என்றால் குளோவரும் பெய்ஸும் செய்த பழைய மிக்ஸையே புதிதாகத் துலக்கியது. ரீமிக்ஸ் என்றால் ஒவ்வொரு வாத்தியத்தின் அளவும் இடமும் மறுபடி தீர்மானிக்கப்பட்டது. வில்சன் கை சுத்தமானது, வாத்தியங்கள் தனித்தனியாகத் தெரியும். ஆனாலும் முதன்முறை தட்டில் கேட்கப்போகிற உங்களுக்கு நான் அசல் மிக்ஸைத்தான் சொல்வேன். எல்லாம் ஒன்றோடொன்று முட்டி மோதுகிற அந்த அடர்த்தியில்தான் இந்த ஆல்பத்தின் புகழ் உண்டானது. வாங்குமுன் உறையிலோ விற்பனைக் குறிப்பிலோ ரீமிக்ஸ் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதுவும் சொல்லாமல் வெறும் ‘லிமிடெட் எடிஷன், பர்ப்பிள் வினைல்’ என்று மட்டும் இருந்தால் விற்பவரைக் கேளுங்கள்.

பழைய தட்டு வேண்டும் என்றால் பிரிட்டனின் முதல் பதிப்பு, எண் டி.பி.எஸ்.பி 351. குழுவின் மேலாளர்கள் இ.எம்.ஐ. நிறுவனம் மூலம் நடத்திய பர்ப்பிள் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. வினைல் கறுப்பு, நடு லேபிள் ஊதா. நல்ல பிரதி கிடைத்தால் அது இன்றும் பிரமாதம். ஆனால் நல்ல பிரதி என்பதுதான் சிக்கல். இளைஞர்கள் விருந்துகளில் கனமான ஊசி போட்டுத் தேய்த்த ஆல்பம் இது. மேலே பளபளவென்று இருந்தாலும் ‘சைல்ட் இன் டைம்’ கடைசியில் பள்ளம் தேய்ந்து போயிருக்கும், அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. நேரில் அந்த இடத்தைப் போட்டுக் கேட்க விடாத கடைக்காரரிடம் பழைய பிரதியைப் பெரிய விலைக்கு வாங்க வேண்டாம். கேட்டுப் பார்க்க வழியில்லை என்றால் புதிய ஊதாவே மேல்.

நிறம் சம்பந்தமாகச் சில நடைமுறைச் சங்கடங்கள் உண்டு. ஒளி ஊடுருவும் தட்டில் பாடல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஊசியை இறக்கப் பக்கவாட்டில் ஒரு விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். தட்டின் அளவை ஒளி உணரியால் கண்டுபிடிக்கும் சில தானியங்கி டர்ன்டேபிள்கள் தட்டே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். ஜப்பானில் ஈ.எல்.பி. செய்த லேசர் டர்ன்டேபிளில் கறுப்பைத் தவிர வேறு எதுவும் ஓடாது, ஆனால் அது வைத்திருப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். வெயில் படுகிற அலமாரியில் எந்தத் தட்டையும் நிறுத்த வேண்டாம், வண்ணத் தட்டை இன்னும் வேண்டாம். நம் ஊரில் மே மாதக் காருக்குள் அரை மணி நேரம் போதும், தட்டு கிண்ணமாகிவிடும். வெளியுறை பிவிசியாக இல்லாமல் பாலிதீனாக இருக்கட்டும்; பிவிசி உறைக்குள் வருடக்கணக்கில் கிடந்த தட்டுகளில் மங்கல் படிவதுண்டு.

பார்சல் வந்ததும் தட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நெளிவு பாருங்கள். ஒரு தடவை கழுவுங்கள், புதுத் தட்டிலும் ஆலைத் தூசி இருக்கும். அப்புறம் முதல் பக்கத்தையும் நான்காம் பக்கத்தையும் முழுதாகக் கேளுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள். துணி கிழியும் சத்தம் ஒரே இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் வந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். கில்லனின் அலறல் மட்டும் கரகரத்தால் அவசரப்படாதீர்கள். முதலில் கார்ட்ரிட்ஜ் நேராக இருக்கிறதா, ஊசியின் எடை சரியா என்று பாருங்கள். கூம்பு வடிவ ஊசியாக இருந்தால், நீள்வட்ட ஊசி உள்ள நண்பர் வீட்டில் அதே பக்கத்தைப் போட்டுப் பாருங்கள். அங்கே சுத்தமாகக் கேட்டால் உங்கள் தட்டில் குறை இல்லை, அடுத்த செலவு ஊசிக்கு.